பாட்டியின் சால்வைக் கரையிலிருந்து ஒரு கார்டிகன்: முதல்முறை பின்னுபவர்களுக்கு

பாட்டியின் சால்வை என்னிடம் வந்தபோது போர்த்திக்கொள்ளும் நிலையில் இல்லை. நடுப்பகுதியைப் பூச்சி அரித்திருந்தது. கையில் எடுத்தாலே இழை பிரிந்தது. கரை மட்டும் பிழைத்திருந்தது. அதில் அடர்நீல நூலில் வரிசையாகச் சின்னச் சின்னச் சாய்சதுரங்கள். ஒன்று மட்டும் பழுப்பு நிறம். எப்போதோ அந்த இடம் பிய்ந்துபோக, கையில் கிடைத்த நூலை வைத்துப் பாட்டி சரிசெய்திருக்கிறார். அந்தப் பழுப்புச் சாய்சதுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு மாலையில்தான், இதைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கக் கூடாது, உடுத்தும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்படிப் பின்னியதுதான் என் சாம்பல் நிறக் கார்டிகன், அதாவது முன்பக்கம் திறந்து பொத்தான் போடும் ஸ்வெட்டர். அதே வழியில் நீங்களும் ஒன்றைப் பின்னுவதற்காக இதை எழுதுகிறேன். நிட், பர்ல் இரண்டு கண்ணிகளும் உங்களுக்குக் கைவந்திருந்தால் போதும். ஒரு கழுத்துத்துண்டு பின்னியிருந்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் அனுபவம் தேவையில்லை.

முதல் உடுப்பாகக் கார்டிகனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை, முன்பக்கம் திறந்திருப்பதால் அளவில் சிறு பிழை இருந்தாலும் உடலில் உட்கார்ந்துவிடும். பெயர் 1854-இல் பாலக்லாவா போரில் குதிரைப்படையை நடத்திய கார்டிகன் பிரபுவிடமிருந்து வந்தது. ஆனால் உங்கள் கார்டிகனின் கதை உங்கள் வீட்டுப் பெட்டியில் தொடங்கட்டும்.

எதை எடுத்துக்கொள்வது

வீட்டில் பழைய துணி எதுவும் இல்லையே என்று பலர் தயங்குவார்கள். துணியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு புகைப்படத்தில் தாத்தா போட்டிருக்கும் ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டி, மேசை விரிப்பின் ஓரத்துப் பூவேலை, ஒரு தலையணை உறையில் தைத்த எழுத்து, தரை ஓட்டின் கோலம், ஒரு பெட்டியின் மூடியில் செதுக்கிய இலை, அம்மா விடாமல் உடுத்திய ஒரு நிறம் என்று எதுவும் ஆகும். எதுவுமே கிடைக்காவிட்டால் பெரியவர்களிடம் கேளுங்கள். "உங்க அம்மா என்ன போர்த்திக்குவாங்க?" என்று ஒரு கேள்வி போதும், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஆரன் தீவுகளின் வெள்ளை ஸ்வெட்டர்களைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் வடிவம் இருந்ததாம். கடலில் இறந்த மீனவரின் உடலை அதைக் கொண்டே அடையாளம் கண்டார்களாம். பின்னல் வரலாற்றைப் படித்தவர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். 1904-இல் மேடையேறிய ஓர் அயர்லாந்து நாடகத்தில், ஒரு பெண் தன் சகோதரனின் காலுறையை அதில் விடுபட்ட கண்ணிகளை எண்ணி அடையாளம் காண்கிறாள். கதைக்கு அது ஒரு விதை என்று பலர் கருதுகிறார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், பாரம்பரியம் வேண்டும் என்பதற்காகக் கடையில் விற்கும் குடும்பச் சின்னங்களைத் தேடிப் போக வேண்டாம் என்பதுதான்.

நார்வேயின் செல்பு பகுதியில் 1857-இல் மாரிட் என்ற இளம்பெண், எட்டிதழ் விண்மீன் வைத்து இரண்டு நிறத்தில் கையுறை பின்னினார். இன்று அந்த விண்மீன் நார்வே முழுவதற்குமான அடையாளம். ஒரே ஒருவர், ஒரே ஒரு குளிர்காலத்தில் செய்த வேலைதான் தொடக்கம். என் பாட்டி ஒட்டுப்போட்ட அந்தப் பழுப்புச் சாய்சதுரமும் எனக்கு அப்படித்தான்.

ஒரு வடிவம், ஓர் இடம். முதல் கார்டிகனுக்கு இதற்கு மேல் வேண்டாம். பாட்டியின் கரை, தாத்தாவின் கழுத்து, அம்மாவின் நிறம் எல்லாவற்றையும் ஒரே உடுப்பில் சேர்த்தால் எதுவும் கண்ணில் நிற்காது. மற்றதெல்லாம் வெறும் பின்னலாக இருந்தால்தான் அந்த ஒன்று பேசும்.

நூலும் ஊசியும்

நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூலை எடுங்கள். உருண்டையின் தாளில் 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 20 முதல் 22 கண்ணி என்று போட்டிருந்தால் சரி. வெளிர் நிறம் நல்லது. கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாமல் தடுமாறுவோம். இழை பிசிறாத, மிகவும் வழுக்காத நூலாக இருக்கட்டும். எல்லா உருண்டைகளிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால், கடையில் ஒன்றுபோலத் தெரிந்த நிறம் முதுகின் நடுவில் கோடாகத் தெரியும்.

ஊசியில் 4 மி.மீ. ஒன்றும் 3.5 மி.மீ. ஒன்றும் வேண்டும். இரண்டையும் வட்ட ஊசியாக, அதாவது இரு முனைகளை நீளமான இழையால் இணைத்ததாக வாங்குங்கள். 80 முதல் 100 செ.மீ. நீளம். முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னவும் அதுவே உதவும், துண்டின் எடை மடியில் இறங்கிவிடுவதால் மணிக்கட்டு வலிக்காது. கூடவே மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, அளவு நாடா, சில அடையாள வளையங்கள், ஒரு குரோஷே ஊசி (முனையில் கொக்கி உள்ளது).

வீட்டில் பழைய கையால் பின்னிய ஸ்வெட்டர் இருக்கிறதா? அதன் நூலைப் பிரித்தெடுத்து வடிவத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். முதலில் தையலைப் பாருங்கள். துண்டு துண்டாகப் பின்னிச் சேர்த்ததாக இருந்தால் நூல் நீளமாக வரும். துணியைப் போல வெட்டி ஓரம் அடித்துத் தைத்த ஆலை ஸ்வெட்டராக இருந்தால் வரிசைக்கு ஒரு துண்டாக அறுந்து வரும், விட்டுவிடுங்கள். தையலைப் பிரித்து, கண்ணி மூடிய முனையிலிருந்து உருவுங்கள். உருவிய நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும். பழைய நூல் பலம் குறைந்திருக்கும் என்பதால் முழு உடுப்பையும் அதில் பின்ன வேண்டாம்.

வடிவத்துக்கான நூல் சாயம் விடுமா என்பதையும் சோதியுங்கள். ஒரு முழம் நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினால் தெரிந்துவிடும். சிவப்பும் கருநீலமும் சந்தேகத்துக்குரியவை.

மாதிரித் துண்டு

எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் இடம் இது. தயவுசெய்து தாண்ட வேண்டாம்.

4 மி.மீ. ஊசியில் 30 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 15 செ.மீ. உயரம் பின்னுங்கள். மூடி, கார்டிகனை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, விரித்துக் காயவையுங்கள். காய்ந்த பிறகு, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ.க்குக் குறுக்கே எத்தனை கண்ணி, நெடுக்கே எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் கணக்கில் சேருங்கள்.

இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை என்ற அளவுக்கானவை. உங்களுக்கு 22 கண்ணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கண்ணிதானே என்று விட்டால், 53 செ.மீ. வர வேண்டிய முதுகு 48 செ.மீ.தான் வரும். முன்னும் பின்னும் சேர்த்துப் பத்து செ.மீ. குறைந்துவிடும், பொத்தானே போட முடியாது. கண்ணி அதிகமாக வந்தால் பெரிய ஊசிக்கு மாறுங்கள். குறைவாக வந்தால் சிறிய ஊசி. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள், பத்து வரிசைக்கு மேல் அது நிற்காது.

என் முதல் ஸ்வெட்டருக்குத் துண்டைத் துவைக்காமல் அளந்தேன். உடுப்பை முடித்து முதல்முறை நனைத்ததும் கைகள் 5 செ.மீ. நீண்டுவிட்டன. கம்பளி நனைந்த பிறகுதான் தன் உண்மையான அளவைக் காட்டும்.

துண்டிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. எவ்வளவு நூல் வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். 15 செ.மீ. சதுரம் என்றால் 225 சதுர செ.மீ. கீழே சொல்லும் அளவில் கார்டிகனின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 9,400 சதுர செ.மீ., அதாவது 42 மாதிரித் துண்டுகள். துண்டின் எடை 14 கிராம் என்றால் 590 கிராம் வரும். 50 கிராம் உருண்டை 12. பொத்தான் பட்டிக்கும் தையலுக்கும் சேர்த்து 13 வாங்குங்கள்.

உங்கள் அளவு

உடம்பை அளப்பதைவிட, வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு தொளதொளச் சட்டையையோ ஸ்வெட்டரையோ தரையில் விரித்து அளப்பது நம்பகமானது. அக்குளுக்குக் கீழே குறுக்களவு, தோளிலிருந்து கீழ் ஓரம் வரை உயரம், கழுத்தின் பின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். இந்த மூன்றும் போதும்.

நான் சொல்லப்போவது மார்பு 96 செ.மீ. உள்ளவருக்கானது. அதோடு 10 செ.மீ. தளர்ச்சி சேர்த்து, முடிந்த கார்டிகனின் சுற்றளவு 106 செ.மீ. உயரம் 60 செ.மீ. உங்கள் அளவு வேறு என்றால் செ.மீ.யை 2-ஆல் பெருக்கினால் கண்ணி, 2.8-ஆல் பெருக்கினால் வரிசை. அவ்வளவுதான் கணக்கு.

அமைப்பு மிகவும் எளிது. முதுகு ஒரு செவ்வகம், முன்பக்கம் இரண்டு குறுகிய செவ்வகங்கள், மேலே கழுத்துக்குச் சரிவு, கைகள் இரண்டு. அக்குளில் வளைவு கிடையாது, தோள் சற்று இறங்கி நிற்கும்.

வடிவத்தைக் கட்டத்தில் வரைவது

இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சாதாரணக் கணக்கு நோட்டின் சதுரக் கட்டத்தில் வரைந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பின்னல் கண்ணி சதுரம் இல்லை. நம் அளவில் ஒரு கண்ணியின் அகலம் 5 மி.மீ., உயரம் 3.6 மி.மீ. கூட இல்லை. சதுரக் கட்டத்தில் அழகாக வந்த வட்டம், பின்னும்போது மேலிருந்து யாரோ அழுத்தியதுபோல் சப்பையாகிவிடும். அதனால் கட்டத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்: அகலம் 7 மி.மீ., உயரம் 5 மி.மீ. இந்த விகிதம் 28-க்கு 20 என்பதிலிருந்து வருவது. கட்டம் போட்ட தாளைப் பழைய துணியின் புகைப்படத்தின் மேல் வைத்து, சன்னல் கண்ணாடியில் பிடித்து, வெளிச்சத்தில் தெரியும் உருவத்துக்குள் விழும் கட்டங்களை நிரப்புங்கள்.

வளைவுகள் படிக்கட்டாக மாறும். இலை இலைபோல் இருக்காது, கொடியின் சுருள் காணாமல் போகும். அப்போது எதை விடுவது, எதை வைப்பது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். என் சால்வையின் சாய்சதுரத்துக்குள் நான்கு இதழ் பூ ஒன்றும் இருந்தது. மூன்று முறை வரைந்து பார்த்தேன். 11 கண்ணிக்குள் பூ அடங்கவில்லை. பூவை விட்டுவிட்டு நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். பாட்டியின் கரையைத் தெரிந்த அத்தை பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

நீங்கள் பழகுவதற்கு அதே சாய்சதுரம்: அகலம் 11 கண்ணி, உயரம் 15 வரிசை. கீழிருந்து ஒவ்வொரு வரிசையிலும் அகலம் 1, 3, 3, 5, 7, 7, 9, 11. பிறகு அதே வழியில் 9, 7, 7, 5, 3, 3, 1. எல்லாம் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக. ஒவ்வொரு வரிசையிலும் இரு முனைக் கட்டங்களை மட்டும் நிரப்பினால் வெளிக்கோடு கிடைக்கும். ஒற்றைப்படை எண்ணை எடுப்பதற்குக் காரணம், நடுவில் ஒரு கண்ணி இருந்தால்தான் முனை கூராக வரும்.

ஒரு சாய்சதுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 3 கண்ணி இடைவெளி. ஆகவே ஒரு சுழற்சிக்கு 14 கண்ணி. முதுகில் 106 கண்ணி இருக்கும். 7 சாய்சதுரமும் நடுவே 6 இடைவெளியும் சேர்த்து 95 போக 11 மீதி, ஒரு பக்கம் 5, மறுபக்கம் 6. முன்துண்டில் 50 கண்ணி. 3 சாய்சதுரமும் 2 இடைவெளியும் சேர்த்து 39 போக அங்கேயும் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 6. உங்கள் வடிவத்துக்கும் இப்படி மீதி இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வரும்வரை இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இதைத் தாளிலேயே முடித்துவிட வேண்டும்.

வடிவத்தை உடுப்பில் ஏற்ற மூன்று வழிகள்

முதலாவது, ஒரே நிறத்தில் நிட் பரப்பின் மேல் பர்ல் கண்ணிகளால் வரைவது. மீனவர்களின் பழைய ஸ்வெட்டர்களில் பார்க்கலாம். எளிது, உறுதியானது; ஆனால் சற்றுத் தள்ளி நின்றால் வடிவம் மங்கிவிடும்.

இரண்டாவது, இரண்டு நூல்களையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் பின்னி, பயன்படாத நூலைப் பின்னால் ஓடவிடுவது. ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு நடுவே உள்ள ஃபேர் ஐல் என்ற சிறு தீவின் பெயரால் இது அறியப்படுகிறது. எவ்வளவு வண்ணமயமாக இருந்தாலும் அந்த மரபில் ஒரு வரிசையில் இரண்டு நிறம்தான். அழகான முறை. ஆனால் பர்ல் வரிசையில் இரண்டு நூலைச் சமாளிப்பது கடினம் என்பதால் அங்குள்ளவர்கள் உடுப்பைக் குழாய்போல் சுற்றிப் பின்னி, பிறகு முன்பக்கத்தைக் கத்தரியால் வெட்டித் திறப்பார்கள். முதல் கார்டிகனில் கத்தரி வேண்டாம்.

மூன்றாவது வழியைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். முழுவதையும் ஒரே நிறத்தில் பின்னி முடித்து, பிறகு தையல் ஊசியால் கண்ணிகளின் மேலேயே வேறு நிற நூலை ஓட்டுவது. பார்ப்பதற்குப் பின்னியதுபோலவே இருக்கும். தவறினால் அந்த நூலை மட்டும் உருவிவிடலாம், உடுப்புக்கு ஒன்றும் ஆகாது. என் பாட்டி சால்வையைச் சரிசெய்ததும் இப்படி மேலோட்டிய தையலால்தான்.

முதுகு

3.5 மி.மீ. ஊசியில் 108 கண்ணி ஏற்றுங்கள். இதில் 106 அளவுக்கு, இரு ஓரக் கண்ணிகள் தையலுக்கு. ஒரு நிட், ஒரு பர்ல் என்று ரிப் 18 வரிசை, ஏறக்குறைய 6 செ.மீ. பிறகு 4 மி.மீ. ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 152 வரிசை. அப்புறம் மூடிவிடுங்கள். இரண்டு பக்கமும் தோளுக்கு 36, நடுவில் கழுத்துக்கு 36 என்று அடையாள நூல் கட்டிவையுங்கள்.

முப்பது வரிசைக்கு ஒருமுறை, வேறு நிறத்தில் வழுவழுப்பான ஒரு பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகள் வழியாகவும் இழுத்துவிடுங்கள். பின்னால் எங்காவது பெரிய தவறு தெரிந்தால் அந்த நூல் வரை தைரியமாகப் பிரிக்கலாம். கண்ணிகள் அங்கே காத்திருக்கும். ஒரு கண்ணி மட்டும் நழுவிக் கீழே இறங்கினால் பிரிக்கவே வேண்டாம். நிட் பக்கத்தைத் திருப்பி, குரோஷே ஊசியால் அந்தக் கண்ணியைப் பிடித்து, மேலே ஏணிப்படிபோல் நிற்கும் இழைகளை ஒவ்வொன்றாக அதன் வழியே இழுத்தால் ஏறிவிடும்.

முன்துண்டுகள்

ஒவ்வொன்றுக்கும் 52 கண்ணி. முதுகின் பாதியைவிடக் குறைவாக இருப்பது, நடுவில் 3 செ.மீ. பொத்தான் பட்டி வரப்போவதால். ரிப் 18 வரிசை, பிறகு 4 மி.மீ. ஊசியில் 96 வரிசை நேராக. அங்கிருந்து கழுத்துச் சரிவு. கழுத்துப் பக்க ஓரத்தில் ஒரு கண்ணியை விட்டு உள்ளே இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். முதலில் 2 வரிசைக்கு ஒருமுறை நான்கு தடவை, பிறகு 4 வரிசைக்கு ஒருமுறை பன்னிரண்டு தடவை. 56 வரிசை முடியும்போது 36 கண்ணி மிஞ்சும், மூடுங்கள். நிட் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, உடுத்துபவரின் வலத்துண்டுக்கு வரிசையின் தொடக்கத்திலும் இடத்துண்டுக்கு முடிவிலும் குறைக்க வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் இரண்டு வலத்துண்டுகளைப் பின்னிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். தப்பிக்க எளிய வழி: இரண்டு துண்டுகளையும் ஒரே வட்ட ஊசியில், ஆளுக்கொரு உருண்டையோடு, பக்கத்தில் பக்கத்தில் பின்னுங்கள். சரிவு எதிரெதிராக வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம், உயரமும் ஒன்றாக இருக்கும்.

கைகள்

இவற்றையும் ஒரே ஊசியில் சேர்த்தே பின்னுங்கள். 3.5 மி.மீ. ஊசியில் 50 கண்ணி, ரிப் 18 வரிசை. 4 மி.மீ.க்கு மாறிய பிறகு இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும்: ஒருமுறை 4 வரிசையில், அடுத்து 6 வரிசையில் என்று மாறி மாறி இருபது தடவை. கூட்டுவதற்கு, ஓரக் கண்ணிக்கு அடுத்துக் குறுக்கே ஓடும் இழையை இடது ஊசியில் ஏற்றி, அதன் பின்கால் வழியாகப் பின்னினால் ஓட்டை விழாது. 90 கண்ணி வந்ததும் 14 வரிசை நேராகப் பின்னி மூடுங்கள். ரிப்போடு சேர்த்து நீளம் 47 செ.மீ. இருக்கும். குட்டையாகத் தோன்றினாலும் பயப்பட வேண்டாம். தோள் இறங்கி நிற்பதால் மீதியை முதுகின் அகலம் கொடுத்துவிடும்.

எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 54,000 கண்ணி. நிமிடத்துக்குப் பதினைந்து பின்னினால் 60 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதம்.

நனைத்து விரிப்பது, வடிவம் ஓட்டுவது

ஐந்து துண்டுகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். துவாலையில் சுருட்டி மேலே ஏறி நின்று ஈரத்தை வாங்குங்கள். பிறகு தட்டையாக விரித்து, அளவு நாடா வைத்து 53 செ.மீ., 60 செ.மீ. என்று இழுத்து நிறுத்தி, நிழலில் காயவிடுங்கள்.

துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே, சேர்ப்பதற்கு முன், வடிவத்தை ஓட்டிவிட வேண்டும். ரிப்புக்கு மேல் 8 வரிசை விட்டு, அடுத்த 15 வரிசைதான் இடம். நிட் பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சின்ன 'வி' போலத் தெரியும். ஊசியைப் பின்னாலிருந்து அந்த 'வி'யின் கீழ் முனையில் வெளியே எடுங்கள். மேல் வரிசைக் கண்ணியின் இரு கால்களுக்குப் பின்னால் வலமிருந்து இடமாக ஊசியை நுழைத்து இழுங்கள். மறுபடி அதே கீழ் முனையில் உள்ளே இறக்குங்கள். ஒரு கண்ணி மூடிவிட்டது. நூலைச் சுண்டி இழுக்கக் கூடாது. கீழிருக்கும் கண்ணியை மூடும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். வடிவ நூல், உடுப்பு நூலின் கனமே இருந்தால் நன்றாக மூடும்.

ஒவ்வொரு சாய்சதுரத்தையும் கீழ் முனையில் தொடங்கி மேலே போங்கள். முதுகில் ஏழு, முன்னால் மூன்றும் மூன்றும், மொத்தம் பதின்மூன்று. பன்னிரண்டை நீலத்தில் ஓட்டினேன். இடது முன்துண்டில் பட்டிக்கு அருகே உள்ளது பழுப்பு. உங்கள் வீட்டுத் துணியிலும் இப்படி ஒரு ஒட்டு, ஒரு மாறிய நிறம், ஒரு கோணல் இருந்தால் அதைத் திருத்தாதீர்கள். பழைய கையின் தடம் அங்கேதான் இருக்கிறது.

சேர்ப்பதும் பட்டியும்

முதலில் தோள்கள்: முதுகின் 36 கண்ணியோடு முன்துண்டின் 36. பிறகு தோள் தையலிலிருந்து முன்னும் பின்னும் 22 செ.மீ. அளந்து அடையாளம் வைத்து, அந்த 44 செ.மீ.க்குள் கையின் மேல் ஓரத்தைத் தையுங்கள். கையின் நடுவைத் தோள் தையலோடு முதலில் குத்திவிட்டால் இழுபடாது. கடைசியாகக் கையின் அடிப்பக்கமும் உடலின் பக்கமும் ஒரே ஓட்டமாக. நிட் பக்கத்தை மேலே வைத்து, இரு ஓரங்களிலும் ஓரக் கண்ணிக்கு அடுத்த குறுக்கிழையை மாறி மாறி எடுத்து, நாலைந்து தையலுக்கு ஒருமுறை இழுத்தால் தையல் கண்ணுக்கே தெரியாது.

பட்டிக்கு, வலது முன்துண்டின் கீழ் மூலையில் தொடங்கி, கழுத்தைச் சுற்றி, இடது கீழ் மூலை வரை 3.5 மி.மீ. ஊசியில் ஓரத்திலிருந்து கண்ணிகளை எடுக்க வேண்டும். 7 வரிசைக்கு 5 கண்ணி என்ற கணக்கு. நேர்ப்பகுதியில் 80, சரிவில் 42, பின்கழுத்தில் 37, மறுபடி 42, 80, மொத்தம் 281. அதிகமாக எடுத்தால் பட்டி அலைபாயும், குறைத்தால் முன்பக்கம் மேலே சுருங்கும். ரிப் 9 வரிசை பின்னுங்கள். ஐந்தாவது வரிசையில் காஜா: நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, அடுத்த இரண்டு கண்ணியை ஒன்றாகப் பின்னினால் ஒரு சின்ன ஓட்டை விழும். கீழிருந்து 2 செ.மீ.யில் முதல் காஜா, சரிவு தொடங்கும் இடத்தில் கடைசி, நடுவில் சம தூரத்தில் நான்கு. ரிப்பின் போக்கிலேயே, தளர்வாக மூடுங்கள்.

பொத்தானைப் பட்டி முடிந்த பிறகே வாங்குங்கள். காஜாவில் நுழைத்துப் பார்த்து, சற்றே இறுக்கமாகப் போவது சரியான அளவு. வீட்டில் பழைய பொத்தான் டப்பா இருந்தால் முதலில் அதைக் கிளறுங்கள். ஆறும் ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் ஒரே கனமாக இருந்தால் போதும். கம்பளிக்கு உள்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பொத்தானையும் சேர்த்துத் தைத்தால் துணி பிய்யாது.

மிஞ்சிய நூலில் ஒரு சின்னச் சுருளை உள் பக்கத் தையலில் கட்டிவையுங்கள். துவைக்கும்போது அதுவும் சேர்ந்தே நிறம் மாறும். பத்து வருடம் கழித்து ஒட்டுப்போட நேர்ந்தால் பொருத்தமான நூல் அங்கேயே இருக்கும். குளிர்காலம் முடிந்ததும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, மடித்து வையுங்கள், தொங்கவிட வேண்டாம். வியர்வையும் அழுக்கும் இருக்கும் கம்பளியைத்தான் பூச்சி தேடி வரும். கட்டத்தாளையும், யாருடைய வடிவம், யார் பின்னியது, எந்த ஆண்டு என்று எழுதிய ஒரு சீட்டையும் ஒரு உறையில் போட்டு அதனோடே வைத்துவிடுங்கள். என் பாட்டி எந்த வருடம் அந்தப் பழுப்பு நூலை எடுத்தார் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.